அடைப்புக்குறிக்குள் எழுதிய எட்டு நாட்கள்

கேள்வி:

வணக்கம் டொக்டர். என் ஊர் வவுனியா. திருகோணமலையில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உப்புவெளியில் ஒரு வீட்டு மாடியில் நான்கு பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு முன் இரத்ததான முகாம் ஒன்றில் விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, இரத்தம் கொடுக்கும் நிலையில் நீங்கள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. விரிவுரையில் பத்து நிமிடத்துக்கு மேல் மனம் நிற்பதில்லை. தலைமயிர் கொட்டுகிறது. காலையில் பாணும் பருப்பும். நேரம் போய்விட்டால் வெறும் பிளேன்டீ. மத்தியானம் சோற்றுப் பார்சல், சாப்பிட்ட கையோடு இன்னொரு தேநீர். இரவில் ரொட்டி அல்லது இடியப்பம். செவ்வாய், வெள்ளி மச்சம் தொடுவதில்லை. பீட்ரூட், பேரீச்சம்பழம், மாதுளை சாப்பிடும்படி அம்மா தினமும் தொலைபேசியில் சொல்கிறார். மருந்துக் கடையில் வாங்கிய இரும்பு மாத்திரை வயிற்றைப் பிரட்டியது, மலம் கறுப்பாகப் போனது. பயந்து நான்காம் நாளே நிறுத்திவிட்டேன். சாப்பாட்டாலேயே இதைச் சரிசெய்ய முடியாதா?

(மாதவிடாய் எட்டு நாள் நீடிக்கும், முதல் மூன்று நாளும் அதிகம். பெரியபிள்ளையான காலத்திலிருந்தே அப்படித்தான். இன்னொன்று, இங்குள்ள வெயிலுக்கோ என்னவோ, எந்நேரமும் ஐஸ்கட்டி மென்றுகொண்டிருக்கிறேன் என்று தோழிகள் கேலி செய்கிறார்கள்.)

இரண்டாம் ஆண்டு மாணவி, உப்புவெளி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

கடிதங்களில் அடைப்புக்குறிக்குள் வருவதைத்தான் நான் முதலில் வாசிப்பேன். பரிசோதனை அறையிலும் இப்படித்தான் நடக்கும். பத்து நிமிடம் எல்லாவற்றையும் பேசிவிட்டு, எழுந்து கதவருகே போன பிறகு திரும்பி நின்று, "டொக்டர், இன்னொன்று..." என்பார்கள். வந்த காரியம் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் பாணையும் பருப்பையும் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, எட்டு நாள் இரத்தப்போக்கை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் குருதிச்சோகைக்குச் சாப்பாடும் ஒரு காரணம்தான். ஆனால் அந்த வரியை விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் திருத்தப் போனால், ஓட்டை வாளியைக் கிணற்றில் விட்டு இறைத்த கதையாகிவிடும்.

முதலில் ஐஸ்கட்டி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் யாருக்குத்தான் ஐஸ் வேண்டியிருக்காது? ஆனாலும் பகல் இரவு பாராமல் மென்றுகொண்டே இருப்பது வேறு விடயம். இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் வரும் ஓர் இச்சை அது. சிலர் பச்சரிசி மெல்வார்கள், சிலர் மண், சிலர் திருநீறு. ஏன் வருகிறது என்பதற்கு முழு விளக்கம் இன்னும் இல்லை. இரும்பு ஏற ஏற அது தானாக மறைவதை மட்டும் நாங்கள் திரும்பத் திரும்பக் காண்கிறோம். உங்கள் தோழிகள் கேலி செய்தது ஒரு நோய் அறிகுறியைத்தான். அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாதா? 9.6இல் நின்றுகொண்டு முடியாது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 8க்கும் 11க்கும் இடைப்பட்டால் நடுத்தரம்; நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். உங்கள் எடை ஐம்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டால், குருதியை வழமை நிலைக்குக் கொண்டுவர மட்டும் சுமார் 300 மில்லிகிராம் இரும்பு தேவை. காலியாகிப் போன சேமிப்பை நிரப்ப இன்னொரு 300. ஆக 600. இப்போது வரவைப் பாருங்கள். நன்றாகச் சாப்பிடுகிற ஒருவரின் குடல்கூட ஒரு நாளில் 2 மில்லிகிராம் அளவுக்குத்தான் இரும்பை உறிஞ்சும். குறைபாடுள்ள உடம்பு சற்றுக் கூடுதலாக இழுக்கும். 3 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். செலவு? தோல், குடல் வழியாக எல்லோருக்கும் போவது தினம் ஏறக்குறைய 1. மாதவிடாய் அதிகமுள்ள உங்களுக்கு, மாதக் கணக்கை நாளுக்குப் பிரித்தால், இன்னொரு 1. மிச்சம் நாளொன்றுக்கு 1 மில்லிகிராம். 600ஐச் சேர்க்க 600 நாள் வேண்டும். அதுவும் ஒரு நாள்கூடத் தவறாமல் நல்ல சாப்பாடு கிடைத்தால். உங்கள் பட்டமளிப்பு விழாவே வந்துவிடும்.

ஆகவே மாத்திரை வேண்டும். கறுப்பு மலத்துக்குப் பயப்படத் தேவையில்லை. உடம்பு எடுத்தது போக மிஞ்சிய இரும்பின் நிறம் அது. மாத்திரை எடுக்காத நாட்களில் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்துப் போனால்தான் பயப்பட வேண்டும். வயிற்றுப் பிரட்டலுக்கு வழி இருக்கிறது. 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேட் மாத்திரையில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம் அளவுதான். ஆனால் அதுவே பலருடைய வயிற்றுக்குப் பாரம். நாளைக்கு இரண்டு, மூன்று என்று விழுங்கச் சொன்ன காலம் ஒன்றிருந்தது. இரும்பு ஒருமுறை உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இரும்பு குறைந்த இளம் பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் எடுத்தவர்களைவிட அவர்களுடைய உடம்பு ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலான இரும்பை எடுத்துக்கொண்டது. உங்களைப் போல வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த முறையையே நான் சொல்லுவேன். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தேசிக்காய்த் தண்ணீருடன் ஒரு மாத்திரை. அதற்கும் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். உறிஞ்சுவது குறையும், ஆனால் நான்காம் நாளில் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். பாலுடனோ, கல்சியம் மாத்திரையுடனோ, நெஞ்செரிவு மாத்திரையுடனோ சேர்க்க வேண்டாம். வீட்டுக்காரர் வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் மாத்திரையைப் பூட்டி வையுங்கள். இனிப்புப் பூச்சுள்ள நிற மாத்திரையைக் குழந்தை மிட்டாய் என்று நினைக்கும். சில மாத்திரைகளே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

ஆனால் அடுத்த அட்டையை வாங்க மருந்துக் கடைக்குப் போகும் முன் வைத்தியசாலைக்குப் போங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மருத்துவரைப் பார்க்கக் காசு தேவையில்லை. ஒரு காலைப் பொழுதும் கொஞ்சம் பொறுமையும் போதும். கையில் இருக்கும் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுபோங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்திருந்தால் போதாது. முழு இரத்தக் கணிப்பு வேண்டும், முடிந்தால் பெரிட்டினும் வேண்டும். பெரிட்டின் உடம்பிலுள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும். 15க்குக் கீழே என்றால் களஞ்சியம் காலி. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது எடுத்தால் பெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எடுங்கள்.

இந்தப் பரிசோதனைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சிவப்பணு சிறியதாக இருக்கும், ஹீமோகுளோபினும் சற்றுக் குறையலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இரும்புக் குறைபாடு போலவே தெரியும். அவர்களிடம் இரும்பு குறையாமல் இருக்கும்போது மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. கணிப்பு அறிக்கையைப் பார்த்தாலே மருத்துவருக்கு ஓரளவு விளங்கும். சந்தேகம் வந்தால் மேற்கொண்டு பரிசோதிப்பார். நாளைக்குக் கலியாணம் பேசும்போதும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது. சாதகப் பொருத்தம் பார்க்கிற வீடுகளில் இதைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

இப்போது எட்டு நாட்களுக்கு வருகிறேன். சாதாரணமாக ஒரு மாதவிடாயில் போகும் குருதி 30 முதல் 40 மில்லிலீற்றர். 80ஐத் தாண்டினால் அதிகம். யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால் வேறு அடையாளங்களைக் கேட்போம். ஒரு பாட் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் நனைந்துவிடுகிறதா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? பத்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கட்டி போகிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? கடைசிக் கேள்விக்கு நீங்கள் ஏற்கெனவே ஆம் என்று எழுதிவிட்டீர்கள். மற்றவற்றை அடுத்த மாதம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பெரியபிள்ளையான காலத்திலிருந்தே அப்படித்தான் என்கிறீர்கள். தொடக்கத்திலிருந்தே அதிகமாக இருந்தால், குருதி உறைவதில் ஏதும் குறை உள்ளதா என்று மருத்துவர் கட்டாயம் யோசிப்பார். பல் பிடுங்கியபோது நிற்காமல் இரத்தம் வந்ததா, லேசாக இடித்தாலே கன்றிப் போகிறதா, அம்மாவுக்கும் இப்படியா என்று கேட்பார். தைரொயிட்டையும் பார்ப்பார். போக்கைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன. அந்த மூன்று நாட்கள் மட்டும் எடுப்பவையும் உண்டு. இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருந்தால், பெண் மருத்துவர் ஒருவரைப் பார்க்க விரும்புகிறேன் என்று சொல்லலாம். அதில் தவறேதும் இல்லை. "கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். நாற்பது வயதில் ஹீமோகுளோபின் 7 உடன் வரும் அம்மாமாருக்கும் இருபது வயதில் யாரோ அதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அம்மாவின் மூன்று பண்டங்கள். தாய்மாரோடு வாதாடி வென்றவர்கள் இல்லை, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். 100 கிராம் மாதுளையில் இருக்கும் இரும்பு 0.3 மில்லிகிராம். பீட்ரூட்டில் 0.8. பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய 1. உங்கள் வயதுப் பெண் ஒரு நாளில் உணவின் வழியே பெற வேண்டியது 18. பீட்ரூட்டிலிருந்தே பெறுவதானால் தினம் இரண்டு கிலோவுக்கு மேல் அரிய வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தமாகாது. மாதுளை விற்கும் விலையில் அதே காசுக்கு ஒரு கிழமைக்கான நெத்தலி வாங்கலாம். பேரீச்சம்பழம் பிடித்தால் சாப்பிடுங்கள், மருந்து என்று எண்ணிக்கொண்டு சாப்பிட வேண்டாம்.

அம்மா சொல்லாமல் விட்டது தேநீர். உங்கள் சாப்பாட்டுப் பட்டியலில் என்னைக் கவலைப்பட வைத்ததும் அதுதான். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுப்பதே கஷ்டம். நூற்றுக்கு 2 முதல் 20 வரைதான் எடுக்கும். தேயிலையின் துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீர் உறிஞ்சப்படும் இரும்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறது. பால் சேர்த்தாலும் தப்ப முடியாது. நானும் ஒரு நாளைக்கு நான்கு கோப்பை குடிக்கிற ஆள்தான், தேநீரை விடு என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பிட்டு ஒரு மணி, முடிந்தால் ஒன்றரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு குடிப்பதை மூன்று மணிக்குத் தள்ளிவிடலாம். அந்நேரம் விரிவுரையில் தூக்கம் வருகிற நேரம், தேநீருக்கு அதுவே பொருத்தமான வேளை. காலையில் சாப்பாட்டுக்குப் பதிலாக வெறும் பிளேன்டீ என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தேநீரைத் தள்ளி வைத்த இடத்தில் தேசிக்காயை வையுங்கள். பருப்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் விற்றமின் சி வீணாகும். பருப்பின் இரும்பைக் குடலுக்குள் சேர்ப்பது அந்த விற்றமின்தான். சோற்றுப் பார்சலுக்குப் பிறகு ஒரு கொய்யாக்காய் போதும். தோடம்பழத்தைவிட அதில் பல மடங்கு விற்றமின் சி இருக்கிறது, விலையும் குறைவு.

கடலை ஒட்டியே குடியிருக்கிறீர்கள், அதைப் பயன்படுத்துங்கள். மச்சத்தில் உள்ள ஒருவகை இரும்பை உடம்பு நூற்றுக்கு 15 முதல் 35 வரை எடுத்துக்கொள்ளும். தேநீரால் அதற்கு அவ்வளவு பாதிப்பும் இல்லை. இன்னொரு நன்மையை அதிகம் பேர் அறிவதில்லை. மீனோ இறைச்சியோ சிறிதளவு கூட இருந்தால், அதே சாப்பாட்டில் உள்ள பருப்பு, கீரையின் இரும்பும் கூடுதலாக உள்ளே போகும். பருப்புக் கறியில் ஒரு பிடி நெத்தலி போடுகிற கிழக்கு மாகாணத்துச் சமையல் இந்தக் கணக்கோடு அழகாகப் பொருந்துகிறது. சூடை வாங்கலாம், கீரி வாங்கலாம். சூரை வாங்கினால் நடுவில் இருக்கும் கருஞ்சதையைக் கழித்துப் போடாதீர்கள், இரும்பு அதில்தான் அதிகம். மட்டி கிடைத்தால் அதைவிடச் சிறப்பு, நன்றாக அவித்துச் சாப்பிடுங்கள். கோழி ஈரல் சமைத்த 100 கிராமில் 11 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. நான்கு பேர் பங்கு போட்டால் பெரிய செலவில்லை. கிழமைக்கு ஒருநாள் போதும், விற்றமின் ஏ கூடிவிடும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். 2022இன் விலையேற்றத்துக்குப் பிறகு முட்டையையும் இறைச்சியையும் குறைத்த வீடுகள் பல, மாணவர் அறைகளைச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் நெத்தலியையும் ஈரலையும் முன்னால் வைக்கிறேன்.

செவ்வாய், வெள்ளி விரதத்தை விடச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நாளும் கௌபி அல்லது கடலை. முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிடுங்கள், முளைகட்டினால் இன்னும் நல்லது; இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைற்றேற்று அதில் குறையும். அவித்து, தேங்காய்ப்பூவும் மிளகாயும் போட்டுத் தாளித்து, மேலே தேசிக்காய். முருங்கையிலை வறை செய்யுங்கள். உப்புவெளியில் முருங்கை இல்லாத வளவு குறைவு, வீட்டுக்காரரிடம் கேட்டால் ஒரு கொப்பு முறித்துத் தருவார். எள்ளுருண்டை இரண்டை விரிவுரைக்குப் போகும் பையில் போட்டு வைக்கலாம். அறைக்குத் தாச்சி வாங்குவதானால் ஒட்டாத பூச்சுள்ளதைத் தவிர்த்து இரும்புத் தாச்சியாக வாங்குங்கள். புளிப்பான கறி அதில் கொதிக்கும்போது கொஞ்சம் இரும்பு கறியில் இறங்கும்.

திருகோணமலையில் சித்த மருத்துவர்களுக்குக் குறைவில்லை. இங்கே வளாகத்திலேயே அதைப் படிக்கிறார்கள். அயச் செந்தூரம் போன்ற இரும்பு சேர்ந்த மருந்துகளை யாராவது சொன்னால், பதிவுபெற்ற மருத்துவரிடம் மட்டும் வாங்குங்கள். அதையும் மாத்திரையையும் ஒரே சமயத்தில் எடுக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அறைத் தோழிகளின் தேநீர்க் கணக்கும் உங்களுடையது போலத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவர்களும் ஒருமுறை இரத்தத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். குருதிச்சோகை வரும் முன்பே, ஹீமோகுளோபின் 12க்கு மேல் நிற்கும்போதே, சேமிப்பு வற்றிக் களைப்பும் மறதியும் தொடங்கிவிடலாம். வகுப்பில் இருக்கும் ஆண்பிள்ளைகளில் யாருக்காவது 13க்குக் கீழே வந்தால், சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம். மாதவிடாய் இல்லாத உடம்பில் இரும்பு எங்கே போகிறது என்று வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டியிருக்கும்.

மாத்திரை தொடங்கி நான்காவது கிழமையில் ஹீமோகுளோபினைத் திரும்பப் பாருங்கள். 1 முதல் 2 வரை ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள், மாத்திரை ஒழுங்காக உள்ளே போகவில்லை அல்லது காரணம் வேறு. 12ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப அதன் பிறகும் மூன்று மாதம் தேவை. பரீட்சைக் காலத்தில் மறந்துபோகும், அதனால் தொலைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படியேறும்போது நெஞ்சு படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரு மாதவிடாயில் பாட் மணிக்கொன்றாக நனைந்தாலோ இந்த நான்கு கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மற்றபடி அடுத்த மாதம் எனக்கு எழுதும்போது புதிய எண்ணோடு, ஐஸ்கட்டி மெல்வது நின்றுவிட்டதா என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் அந்த எண் ஏறும் முன்பே அது நின்றிருக்கும். இந்த முறை அடைப்புக்குறிக்குள் போடாமல் முதல் வரியிலேயே எழுதுங்கள்.